ஊரடங்கும் ஒரு கிளிக்குஞ்சும்

கிளிக்குப் பாலும் பழமும் கொடுக்க வேணும் எண்டு எங்களுக்குச் சொல்லித் தராத ஆக்கள் இல்லை. அம்மம்மா சொன்னா, பக்கத்து வீட்டு மாமா சொன்னார், சின்ன வயதில் கேட்ட கதைகளும் சொல்லிச்சு. மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. கிளியைத் தூது விடுகிற இலக்கியங்களைப் பற்றிக் கலைப்பீடத்தில் விரிவுரையே கேட்டிருக்கிறோம். குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனத்தில் நின்று கிளி ஓட்டுகிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் வளர்ந்த கிளி தினை தின்னும் என்றாவது தெரிகிறது. கூட்டை விட்டு இறங்காத குஞ்சு என்ன தின்னும் என்று எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கவில்லை.

பால் கொடுக்கவே கூடாது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. பறவை குட்டிக்குப் பால் கொடுக்கிற சாதி இல்லை. பாலில் உள்ள சீனியைச் செமிக்கப் பண்ணுகிற நொதியம் அதன் குடலில் இல்லை. பெரிய கிளி கொஞ்சம் பால் குடித்துவிட்டு வயிற்றோட்டத்தோடு தப்பிவிடக்கூடும். குஞ்சு என்றால் அந்தப் பால் தொண்டைக்குக் கீழே இருக்கிற தீன்பையிலேயே நின்று புளித்துவிடும்.

நாங்கள் நாலு பேர். ஒருத்தி நெடுந்தீவு, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி வவுனியா, ஒருத்தி அட்டன். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின் அறையில் போடிங் இருந்தோம். 2022இல் முதலாம் வருசம். கொரோனாவுக்குப் பிறகு பீடம் அப்போதுதான் ஒழுங்காகத் திறந்திருந்தது. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசி எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காஸ் இல்லை. பெற்றோல் செற்றில் இரவிரவாக வரிசை. 400 கிராம் பால்மா 790 ரூபாய்; அந்த விலைக்கும் கடையில் இல்லை. கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் நின்றது, பிறகு பதின்மூன்று மணித்தியாலம்.

மார்ச் 30, புதன்கிழமை பின்னேரம் ஒழுங்கையில் இருக்கிற பெடியன் ஒருவன் சப்பாத்துப் பெட்டியோடு வந்தான். ஏழாம் வகுப்புப் படிக்கிறவன். "கம்பஸ் அக்கா, இது சாப்பிடுதில்லை. என்னெண்டு பாக்கிறியளா?" என்றான். கம்பஸ் அக்காமாருக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுடைய நம்பிக்கை. புவியியல், சமூகவியல், தமிழ், வரலாறு என்று ஆளுக்கொரு பாடம் படிக்கிற நாலு பேர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம்.

கதை இதுதான். இரண்டு வளவு தள்ளி, இடி விழுந்து வட்டுப் போன பனை ஒன்று நின்றது. மதிலில் விழுந்துவிடும் என்று திங்கட்கிழமை தறித்திருக்கிறார்கள். மரம் விழுந்த பிறகுதான் பொந்துக்குள் மூன்று குஞ்சு இருந்தது தெரிந்திருக்கிறது. இரண்டு அந்த இடத்திலேயே செத்துப்போயின. மிஞ்சினதை இவன் எடுத்து வந்து இரண்டு நாளாய்ப் பால்தேத்தண்ணியில் குழைத்த சோறு கொடுத்திருக்கிறான். வீட்டில் சொன்னபடி அன்பாகத்தான் கொடுத்தான். அவனைப் பேச எங்கள் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்பு முழுக்க முள்ளு முள்ளாய் இறகு முளைத்திருந்தது, சிலதின் நுனியில் மட்டும் பச்சை. தலை பெரிது, கண் பாதி மூடியிருந்தது. தொட்டால் குளிர். தோல் சுருங்கி, ஒட்டினாற்போல் இருந்தது. கழுத்துக்குக் கீழே தீன்பை றப்பர் பந்து மாதிரிப் புடைத்திருந்தது. சொண்டுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனால் புளிச்ச மா மணம்.

"சாகப்போகுது" என்றாள் நெடுந்தீவுக்காரி. அவள் கோழியோடும் ஆட்டோடும் வளர்ந்தவள். அவள் சொன்னால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கும்.

வவுனியாக்காரியின் பள்ளிக்கூடத்து அக்கா ஒருவர் பேராதனையில் மிருக வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். நாட்டிலேயே மிருக வைத்திய பீடம் அங்கே மட்டும்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். ஒரு நிமிடத்தில் அழைப்பு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு ஏதும் குடுத்தனீங்களா?" இல்லை என்றோம். "நல்லது. குடுக்காதீங்கோ. முதல் சூடு."

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒழுங்கை நாங்கள் கொப்பி மட்டையில் எழுதி வைத்தோம். அந்த மட்டை இன்னும் எங்களிடம் இருக்கிறது.

முதலில் சூடு. குளிர்ந்த குஞ்சின் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் எந்த நல்ல சாப்பாடு கொடுத்தாலும் உள்ளே நின்று பழுதாகும். இறகு முளைக்கிற பருவத்துக் குஞ்சுக்குப் பெட்டிக்குள் 30 பாகை அளவில் சூடு வேண்டும், வருத்தமான குஞ்சுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு இறகும் இல்லாத குஞ்சு என்றால் 35 வரை. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்க வேண்டும், மற்றப் பக்கம் ஆற வேண்டும். சூடு கூடினால் அது தானாக அரக்கிப் போக இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இருந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது நீர். குஞ்சு சூடான பிறகு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனியை இளஞ்சூட்டில், சொட்டுச் சொட்டாய். அதையும் தீன்பை நிரம்பியிருக்கிறபோது அள்ளி ஊத்தக் கூடாது.

மூன்றாவது மிருக வைத்தியர். "நீங்க வீட்டில செய்யிறது எல்லாம் அதுவரைக்கும் உயிரைப் பிடிச்சு வைக்கத்தான்" என்றார்.

நாலாவதுதான் சாப்பாடு.

கேட்க லேசாக இருந்தது. பல்பைப் போட்டுப் பெட்டியைச் சூடாக்கு என்று யூரியூப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். கரண்ட் இல்லாத நாட்டில் எந்தப் பல்பு? வீட்டுக்கார அன்ரி பின்பக்கம் அடுப்பு மூட்டித்தான் சமைத்துக்கொண்டிருந்தா. அதில் தண்ணி சூடாக்கி, சோடாப் போத்தலில் விட்டு, துவாயால் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடும். அப்போது அடுத்த போத்தல் தயாராக இருக்க வேண்டும். இரண்டு போத்தல், ஒரு கேத்தில், நாலு பேர். இரவைப் பங்குபோட்டோம். மின்னடைப்பு வரமுதல் போன் எல்லாவற்றையும் சார்ஜ் ஏற்றி வைத்து அலாரம் வைத்தோம்.

சூட்டை அளக்கக் கொரோனாக் காலத்தில் வாங்கின காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் கருவி ஒன்று இருந்தது. அது 32 பாகைக்குக் கீழே போனால் 'லோ' என்று காட்டும். அதுவே எங்களுக்குப் போதும் என்று அக்கா சொன்னார். போத்தல் பக்கத்தில் வைத்தால் இலக்கம் வர வேண்டும், பெட்டியின் மற்றப் பக்கத்தில் 'லோ' காட்ட வேண்டும். அன்று இரவு முழுக்க மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த இரண்டு எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். விடிய நாலு மணி போல் குஞ்சு முதல் தடவையாகக் கண்ணை முழுதாகத் திறந்தது. தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது. கதவுக் கீல் கிறீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம். நித்திரையாய் இருந்த மூன்று பேரும் எழும்பிவிட்டோம்.

வியாழக்கிழமை காலை இரண்டு சைக்கிளில் போனோம். பெட்டிக்குள் சூட்டுப் போத்தலும் குஞ்சும். முதலில் போன இடத்தில் "கிளியெல்லாம் பாக்கிறேல்லை" என்று சொன்னார்கள். குறை சொல்வதற்கில்லை. இங்கே மிருக வைத்தியம் என்றால் மாடு, ஆடு, நாய், கோழி. இரண்டாவது இடத்தில் ஒரு டொக்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கையைக் கழுவினார். மெல்லிய குழாய் ஒன்றைச் சொண்டால் தீன்பைக்குள் விட்டு, இளஞ்சூடான உப்புத் தண்ணி ஏற்றி, மெதுவாய்த் தடவி, திரும்ப இழுத்தார். புளித்த சோறு கட்டி கட்டியாய் வந்தது. மூன்று தரம் அப்படிச் செய்தார். பக்கத்தில் நின்ற அட்டன்காரிக்குத் தலை சுற்றிச்சு.

"இதை நீங்க வீட்டில செய்யக் கூடாது. தலைகீழாப் பிடிச்சுப் பிதுக்கவும் கூடாது. உள்ளுக்க இருக்கிறது சுவாசக் குழாய்க்குள்ள போனா அவ்வளவுதான்" என்றார். நாக்கின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையை வெளிச்சம் பிடித்துக் காட்டினார். குஞ்சு மூச்சு விடுகிற வழி அது. பாவம் தண்ணி விடாய்க்குது என்று நாங்கள் சொண்டுக்குள் ஊத்துகிற தண்ணி நேரே அதற்குள் போகக்கூடும். காப்பாற்ற நினைத்த எத்தனையோ பேரின் கையில் குஞ்சுகள் சாவது அப்படித்தானாம்.

புளித்த தீன்பையில் பங்கசு வளரும் என்று அதற்கு ஒரு மருந்து தந்தார். மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே எழுதவில்லை. குஞ்சின் நிறையைப் பார்த்துத்தான் அளவு. ஒரு குஞ்சுக்குச் சொன்னது இன்னொன்றுக்குச் சரிவராது. போத்தலில் இருந்ததில் பாதியைத்தான் தந்தார். "இனி எப்ப வரும் எண்டு தெரியாது." ஆசுப்பத்திரிகளிலேயே மருந்து இல்லாமல் சத்திரசிகிச்சைகளைப் பின்போட்ட கிழமை அது. ஞாயிறு காலமை திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். காசு வாங்கவில்லை. "நீங்கள் என்ன படிக்கிறியள்?" என்று கேட்டார். சொன்னோம். சிரித்தார்.

கைத்தீன் மா என்று ஒன்று இருக்கிறது. குஞ்சுகளுக்கென்றே வெளிநாட்டில் செய்து வருவது. அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் நாங்கள் தேடின கடைகளில் அது இல்லை. டொக்டரும் பேராதனை அக்காவும் கலந்து தற்காலிகமாக ஒரு வழி சொன்னார்கள். பயறைக் கரைய அவித்து, தோல் போக வடித்து, அவித்த பூசணியும் முட்டை மஞ்சட்கருவில் கொஞ்சமும் சேர்த்து, கட்டியில்லாமல் அரிதட்டில் அரிக்க வேண்டும். முதல் நாள் தண்ணியாக, பிறகு கஞ்சிப் பதமாக. ஒவ்வொரு முறையும் புதிதாக. மிஞ்சினதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

சூடு 39 பாகைக்கும் 41 பாகைக்கும் இடையில். ஆறினால் தீன்பை இயங்காது, கூடினால் தீன்பை வெந்து ஓட்டையாகும். கையில் தொட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாது என்றபடியால் காய்ச்சல் கருவி இங்கேயும் உதவியது. ஊசி இல்லாத சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்கச் சொண்டு மூலையால் வைத்து, வலப்பக்கம் பார்க்கத் தள்ள வேண்டும். உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாகப் போகிறது. குஞ்சு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறபோது மட்டும் கொடுக்க வேண்டும். அது அப்படி விழுங்குகிற நேரத்தில் மூச்சுவழி மூடியிருக்கும். கேட்காத குஞ்சுக்கு ஊத்தக் கூடாது. சுகமான குஞ்சென்றால் ஒரு வேளைக்கு அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு. எங்களுடையது வருத்தக் குஞ்சு, அதனால் பாதியில் தொடங்கினோம்.

நிறை பார்க்கச் சந்திக் கடை அண்ணையிடம் டிஜிட்டல் தராசு இருந்தது. ஒவ்வொரு காலையும் முதல் தீனுக்கு முன், ஐஸ்கிறீம் கோப்பைக்குள் இருத்திக் கொண்டுபோவோம். வியாழன் 68 கிராம். வெள்ளி 66. "குறையுதே பிள்ளையள்" என்று பருப்பு நிறுக்க நின்ற ஆக்களும் கவலைப்படத் தொடங்கினார்கள். பருப்பு விலையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்த வரிசை, இரண்டு நிமிடம் கிளியைப் பற்றிக் கதைத்தது.

வெள்ளி இரவு சண்டை வந்தது. எங்களுக்குள்ளேதான். முட்டையின் மஞ்சட்கருவை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளைக்கருவை நாலாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அட்டன்காரி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள், "எங்க அக்கா மூணு நாளா பால்மா தேடி அலையுறா. புள்ளைக்கு ஒரு வயசு. நாம இங்க கிளிக்கு முட்டை அவிச்சுக்கிட்டு இருக்கோம்."

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை. லயத்தில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு எங்களால் அனுப்பக்கூடிய பால்மா எங்களிடம் இல்லை. இந்த முட்டையை நாங்கள் விட்டுவிட்டாலும் அது அட்டனுக்குப் போகாது. ஆனால் அப்படிக் கணக்குச் சொல்லி அவள் வாயை அடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவள் கேட்டது கணக்கு இல்லை. நாட்டில் எத்தனையோ அம்மாமார் வரிசையில் நிற்கிற நேரத்தில் எங்களுடைய நித்திரை, விறகு, முட்டை எல்லாம் ஒரு கிளிக்குஞ்சிடம் போவதில் ஒரு கூச்சம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். மட்டக்களப்புக்காரி மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "நாம எடுக்காட்டி ஆரு எடுப்பா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் வரவில்லை. விடிய மூன்று மணிக்கு யாருடைய முறை என்று பார்த்தால் அட்டன்காரியுடையது. அலாரம் அடிக்கமுதல் எழும்பிப் போத்தல் மாற்றியிருந்தாள்.

நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும் அந்த இரவுதான். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஆறு மணிவரை ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதாவது ஞாயிறு காலை டொக்டரிடம் போக முடியாது. அன்ரி ஊரடங்குக்குப் பழகினவா. "நாங்கள் பாக்காத ஊரடங்கே" என்று சொல்லிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே விறகைக் கொத்தி உள்ளே எடுத்து வைத்தா. குஞ்சைத் திரும்பியும் பார்க்காதவ மாதிரித்தான் இருந்தா. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்பைத் தணிக்கவில்லை.

ஞாயிறு விடிய பார்த்தால் தீன்பை வெறுமையாகவில்லை. இரவுக்கு நீண்ட இடைவெளி விடுவதே அது ஒருமுறை முழுதாய்க் காலியாகத்தான். காலையில் அது தட்டையாய் இருக்க வேண்டும். எங்களுடையது பாதிக்கு நின்றது. குஞ்சு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அக்காவுக்கு வீடியோ அனுப்பப் போனோம். வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. பேஸ்புக்கும் இல்லை. சமூக வலைத்தளங்களை அரசாங்கம் முடக்கியிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் பெடியள் வீபீஎன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இருந்த டேட்டாவில் அதை இறக்கவும் முடியவில்லை.

நாலு பேரின் போனிலும் தேடி, ஒருத்தியின் சிம்மில் 46 ரூபாய் மிச்சம் இருந்தது. சாதாரண அழைப்பு எடுத்தோம். படம் காட்ட முடியாது, அதனால் அக்கா கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தார். எச்சம் என்ன நிறம்? அதில் வெள்ளைப் பகுதி இருக்கா? தொட்டால் தீன்பை மெதுவா, இறுக்கமா? மணம் இருக்கா? கால் சூடா, குளிரா? நெடுந்தீவுக்காரி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பதில் சொன்னாள். புளித்த மணம் இல்லை, கால் சூடுதான், உள்ளே இருப்பது தடிப்பாய், மா மாதிரி. "தண்ணி காணாது. கட்டியாகிட்டுது. இனி அது இறங்கும் வரைக்கும் சாப்பாடு இல்லை. ஜீவனி மட்டும், இளஞ்சூட்டில, ஒரு தரத்துக்கு ஒரு மில்லிலீற்றர். சூட்டை விடாதீங்கோ. மேல மெதுவாத் தடவி விடுங்கோ, அமத்தாதீங்கோ" என்றார். டொக்டருக்கும் ஒரு நிமிடம் எடுத்தோம். அவரும் அதையே சொன்னார். பிறகு காசு முடிந்து அழைப்பு நின்றது.

அன்றைக்கு மாதிரி ஒரு நீண்ட பகலை நாங்கள் பார்த்ததில்லை. ஒழுங்கையில் சைக்கிள் சத்தமும் இல்லை. போத்தல் மாற்று, ஒரு மில்லிலீற்றர், தடவு, காத்திரு. பத்து மணிக்கு ஒரு மாற்றமும் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது. அந்தப் பெடியன் மதிலுக்கு மேலால் எட்டி எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னேரம் மூன்று மணிக்குத் தீன்பை தட்டையானது. கொஞ்ச நேரத்தில் குஞ்சு பின்னுக்கு அரக்கி, வாலை உயர்த்தி, பச்சையும் வெள்ளையுமாய் ஒழுங்கான எச்சம் ஒன்று போட்டது. நாங்கள் கை தட்டினோம். அன்றிரவு அமைச்சர்கள் 26 பேரும் பதவி விலகினார்கள் என்று வானொலியில் போனது. எங்கள் அறையில் அது இரண்டாவது செய்தி.

திங்கள் காலை ஊரடங்கு நீங்கின கையோடு போனோம். 71 கிராம்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவானவை. மருந்து ஒரு கிழமையில் முடிந்தது. சித்திரை வருசத்துக்கு இரண்டு பேர் ஊருக்குப் போகாமல் நின்றோம். ஏப்ரல் கடைசியில் இறகு மூடிவிட்டது. ஊறவைத்த பயறு, கொய்யாப்பழம், மிளகாய் என்று தானாகக் கொறிக்கத் தொடங்கியது. மிளகாய் அதற்கு உறைக்காது. பெயர் வைக்கவில்லை. வைத்தால் விட மனம் வராது என்று நெடுந்தீவுக்காரி தடுத்துவிட்டாள்.

காப்பாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் ஆளாளுக்கு உரிமை கொண்டாடத் தொடங்கினார்கள். அன்ரிக்கு முன் விறாந்தையில் ஒரு கூடு வாங்கித் தொங்கவிட ஆசை. பேசப் பழக்கலாம் என்றா. தெரியாத ஒருவர் வாசலுக்கு வந்து விலை கேட்டார். பெடியன் தான்தானே முதலில் எடுத்தது என்றான். காட்டுப் பறவை ஒருத்தருடைய சொத்தும் இல்லை, அதைப் பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் சட்டப் பிரச்சினையைக் கொண்டு வரும் என்று அக்கா எச்சரித்தார். பொறுப்பான அலுவலகத்துக்கு அறிவித்தோம். நன்றாகப் பறக்கும்வரை வைத்திருந்து, எடுத்த இடத்துக்குக் கிட்டவே விடச் சொன்னார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மனிதக் கையில் தனியே வளர்ந்த குஞ்சுக்குப் பருந்தைக் கண்டால் பயப்பட யார் சொல்லிக் கொடுப்பது? பூனையைப் பற்றி யார் சொல்வது? அதனால் கடைசி மாதம் கையில் எடுப்பதைக் குறைத்தோம். பெட்டியை மாமரத்தடிக்கு மாற்றி, கம்பி வலைக்குள் வைத்து, மற்றக் கிளிகளின் சத்தம் கேட்க விட்டோம்.

ஆனி மாதம் வேப்பம்பழத்துக்குக் கிளிக்கூட்டம் வந்தது. வலையைத் திறந்து விட்டோம். முதல் நாள் கூரைக்கு மேல் போகவில்லை. நாலாம் நாள் வேம்பில் இருந்தது. பதினொரு நாள் பின்னேரத்தில் பயறுக்கு வந்தது. பன்னிரண்டாம் நாள் வரவில்லை. கூட்டத்தோடு போனதோ, பூனை பிடித்ததோ எங்களுக்குத் தெரியாது. ஆரம் விழுந்ததா, அது ஆணா என்று பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை. பெடியன் மட்டும் ஒரு கிழமை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

இப்போது நாங்கள் கடைசி வருசம். அணில் குஞ்சு, மைனாக் குஞ்சு, குயில் குஞ்சு என்று யாராவது போன் எடுக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது அந்தக் கொப்பி மட்டையில் உள்ளது மட்டும்தான். அதில் பின்பு சேர்த்த வரி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். குஞ்சு சுகமாய் இருந்து, கூடும் இருந்தால், திருப்பிக் கூட்டுக்குள் வையுங்கள். மனித வாசம் பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. தாய் தகப்பனை விட நல்லாய்த் தீத்த எங்களால் முடியாது; சிரிஞ்சைப் பிடித்திருந்த எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். கூடே இல்லாமல் போன குஞ்சுக்குத்தான் பெட்டியும் போத்தலும் நாலு பேரின் நித்திரையும்.

கூடு இல்லாமல் போவது பெரும்பாலும் எங்கள் கையால்தான். வட்டில்லாத பனையை ஊரில் யாரும் மரமாக மதிப்பதில்லை. நுங்கு இல்லை, ஓலை இல்லை, கள்ளு இல்லை. சண்டைக் காலத்தில் ஷெல் பட்டுத் தலை போனது, இடி விழுந்தது, வண்டு குடைந்தது என்று நிற்கிற அந்த மொட்டைப் பனைகளில்தான் மரங்கொத்தி பொந்து கொத்துகிறது, கிளி அதை அகலமாக்கிக் குடியிருக்கிறது. உங்கள் வளவில் அப்படி ஒன்று நின்றால், அதைத் தறிக்கத்தான் வேண்டும் என்றால், தை மாதத்திலிருந்து வைகாசி வரை கொஞ்சம் பொறுங்கள். பொறுக்க ஏலாது என்றால், கோடரி வைக்க முதல் விடியவும் பின்னேரமும் ஒருக்கா அண்ணாந்து பாருங்கள். பச்சையாய் ஏதும் உள்ளே போய் வந்தால், மதிலுக்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு மாதம் விடுங்கள்.